தைராய்டுக்கு டி4 மட்டும் போதுமா, டி3-யும் சேக்கணுமா? என்கிட்ட கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. மும்பை சயான் கோலிவாடாவுல இருக்கேன், 14 வருஷமா தைராய்டு மாத்திரை முழுங்கிட்டு இருக்கேன், அவ்ளோதான் என் தகுதி. எங்க மதினி செம்பூர்ல இருக்காங்க. அவங்களுக்கு கழுத்துல கட்டி வந்து 2016-ல ஆபரேஷன் பண்ணி தைராய்டு சுரப்பியையே முழுசா எடுத்துட்டாங்க. எனக்கு சுரப்பி இருக்கு, ஆனா ஹஷிமோட்டோன்னு ஒரு வியாதி, நம்ம ஒடம்பே நம்ம தைராய்ட கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு தின்னுடும், அது. ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்ட ஒரே கேள்வியோட போனோம், "டி3 மாத்திரையும் சேத்து சாப்பிடலாமா"ன்னு. என்ன பாத்து வேணாம்னாரு, மதினிய பாத்து சரி பாக்கலாம்னாரு. எனக்கு அன்னிக்கு கோவம்தான் வந்துச்சு. அப்புறம் ஏன்னு புரிஞ்சுது. அதுலேர்ந்து பில்டிங்ல, சொந்தத்துல, லோக்கல் ட்ரெயின்ல கூட வர்ற பொண்ணுங்க எல்லாம் கேட்ட கேள்விகள இங்க சேத்து வச்சிருக்கேன்.

டி4, டி3 இதெல்லாம் என்னக்கா? ரிப்போர்ட்ல பாத்தாலே தலை சுத்துது.

தைராய்டு சுரப்பி முக்கியமா ரெண்டு சரக்கு தயார் பண்ணுது. டி4 நெறைய, டி3 ரொம்ப கம்மி, மனுஷங்களுக்கு கிட்டத்தட்ட 14-க்கு 1-ங்கற கணக்குல வெளிய விடும். வேலை செய்யறது என்னவோ டி3தான். டி4-ங்கறது அரிசி மூட்டை மாதிரி, வீட்ல கெடக்கும், சோறு ஆகணும்னா பொங்கணும். அந்தப் பொங்கற வேலைய கல்லீரல், கிட்னி, மூளை, தசைன்னு அங்கங்க இருக்கற என்சைம்கள் பண்ணுது, டி4-லேர்ந்து ஒரு அயோடின கழட்டிட்டா அது டி3. ஒடம்புல இருக்கற டி3-ல சுமார் 80 சதவீதம் இப்படி வெளிய தயாராகறதுதான், சுரப்பி நேரா குடுக்கறது மிச்ச 20 சதவீதம்தான்.

டிஎஸ்ஹெச்ங்கறது தைராய்டு இல்ல, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி போடற அதட்டல். சரக்கு பத்தலன்னா சத்தம் ஏறும், ஜாஸ்தியா இருந்தா சத்தம் எறங்கும். அதனாலதான் டிஎஸ்ஹெச் ஜாஸ்தின்னா தைராய்டு கம்மின்னு அர்த்தம், எல்லாரும் இத தலைகீழாவே புரிஞ்சுக்கறாங்க.

நாம வழக்கமா சாப்பிடற எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் எல்லாமே டி4 மட்டும்தான். பேரு லெவோதைராக்ஸின். டி3 மாத்திரைக்குப் பேரு லையோதைரோனின். ரெண்டையும் சேத்து சாப்பிடறதத்தான் காம்பினேஷன்னு சொல்றாங்க.

டி3தான் வேலை செய்யுதுன்னா எல்லாருக்கும் நேரா அதையே குடுத்துடலாமே, எதுக்கு டி4?

நானும் இதத்தான் கேட்டேன். விஷயம் என்னன்னா டி4 ரத்தத்துல நிதானமா இருக்கும், பாதி கொறையவே ஒரு வாரம் ஆகும், அதனால ஒரு நாள் மறந்தாலும் பெருசா ஒண்ணும் தெரியாது. டி3 அப்படி இல்ல, முழுங்கி ரெண்டு மூணு மணி நேரத்துல குப்னு ஏறும், ஒரு நாளைக்குள்ள பாதியா எறங்கிடும். மீட்டர் கட்டாத ஆட்டோ மாதிரி, எங்க பிரேக் போடும்னு தெரியாது.

பழைய காலத்துல ரெண்டும் கலந்துதான் குடுத்திருக்காங்க. 1891-ல ஜார்ஜ் மர்ரேன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் ஆட்டோட தைராய்ட அரைச்சு சாறெடுத்து ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டாரு, அந்தம்மா அதுக்கப்புறம் 28 வருஷம் நல்லா இருந்தாங்க. அப்புறம் ரொம்ப வருஷம் பன்றி தைராய்ட காயவச்சு பொடி பண்ணின மாத்திரைதான். அதுல டி4-ம் டி3-ம் ரெண்டும் இருக்கும். 1970-ல சுரப்பியே வேலை செய்யாத ஆளுங்களுக்கு டி4 மட்டும் குடுத்துப் பாத்தப்போ ஒடம்பு அதுலேர்ந்து தானே டி3 பண்ணிக்குதுன்னு தெளிவா தெரிஞ்சுது. அப்புறம் என்ன, டி4 மட்டும் போதும்னு உலகம் பூரா மாறிடுச்சு. பெரும்பாலானவங்களுக்கு அது போதும்தான், அத நான் மறுக்கல.

டிஎஸ்ஹெச் நார்மல்னு வருது, ஆனா காலைல எந்திரிக்கவே முடியல, மண்டை மந்தமா இருக்கு. டி3 கேக்கலாமா?

இந்த ஒரு கேள்விதான் நூறு தடவ கேட்டிருப்பாங்க. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

டி4 சாப்பிட்டு டிஎஸ்ஹெச் சரியா வந்தும் நல்லா இல்லன்னு சொல்றவங்க நூத்துல அஞ்சு முதல் பத்து பேராவது இருக்காங்கன்னு டாக்டர்களே ஒத்துக்கறாங்க. அதனால உங்களுக்கு மனப்பிரமைன்னு யாராவது சொன்னா விட்டுத் தள்ளுங்க. ஆனா அந்தப் பத்து பேர்லயும் எல்லாருக்கும் டி3-தான் கொறைங்கறதும் இல்ல. இதுலதான் நான் மாட்டினேன்.

என் கதைய சொல்றேன். எனக்கு டிஎஸ்ஹெச் ஒரு தடவ 6.8, அடுத்த தடவ 2.1, அப்புறம் 5.4, இப்படியே ஊஞ்சலாடிட்டு இருந்துச்சு. டோஸ் ஏத்துவாங்க, எறக்குவாங்க. கடைசியா போன என்டோக்ரைன் டாக்டர், அதான் ஹார்மோன் ஸ்பெஷலிஸ்ட், ரிப்போர்ட்ட ஓரமா தள்ளி வச்சுட்டு, "காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து டிஃபன் வரைக்கும் என்னென்ன பண்றீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க"ன்னாரு. அஞ்சரைக்கு எந்திரிப்பேன், தண்ணி வர்ற நேரம், டிரம் ரொப்பணும், ஒரு கையில மாத்திரை, இன்னொரு கையில டிகாக்‌ஷன் சொம்பு, மாத்திரைய போட்ட கையோட ஃபில்டர் காபி, கூடவே ரத்தம் கம்மின்னு லேடி டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரை, எல்லாம் ஒரே வாயில. அவரு சிரிக்கல, பேனாவ கீழ வச்சுட்டாரு. "நீங்க மாத்திரை சாப்பிடலம்மா, மாத்திரைய காபியில கழுவி விடறீங்க"ன்னாரு.

காபி டி4 உள்ள போறத கொறைக்கும். இரும்பு, கால்சியம் ரெண்டும் அத பிடிச்சு வச்சுக்கும், அதனால அதுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். அசிடிட்டிக்கு தெனமும் போடற பேன்டாப்ரஸோல், ஒமிப்ரஸோல் மாதிரி மாத்திரை, சோயா, இதெல்லாமும் கணக்குல வரும். வெறும் வயித்துல வெறும் தண்ணில மாத்திரை, அப்புறம் அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் எதுவும் வேணாம். காலைல முடியவே முடியாதுன்னா ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு படுக்கப் போறப்ப போட்டாலும் சரிதான், நான் இப்ப அப்படித்தான் பண்றேன், காபிய விட முடியலையே என்ன பண்றது.

இன்னொண்ணு, மும்பைக்காரங்க இத கேட்டுக்கங்க. மாத்திரை டப்பாவ நான் கிச்சன்ல அடுப்புக்கு மேல இருக்கற ஷெல்ஃப்ல உப்பு ஜாடி பக்கத்துல வச்சிருந்தேன். ஜூலை மாசம் உப்பே கரைஞ்சு தண்ணியா நிக்கும், அந்த எடத்துல. லெவோதைராக்ஸினுக்கு சூடு, ஈரம், வெளிச்சம் மூணுமே ஆகாது, வீரியம் கொறையும். இப்ப பெட்ரூம் அலமாரியில புடவைக்கு நடுவுல இருக்கு.

இத மூணையும் மாத்தினேன், அதே டோஸ்ல எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச் 1.9, அப்புறம் அது ஆடவே இல்ல. என் மந்தத்துல முக்கால்வாசி போயிடுச்சு. என்ன ஏன் வேணாம்னாருன்னு இப்ப புரியுதா, டி4-யையே ஒழுங்கா உள்ள விடாத ஆளுக்கு எதுக்கு டி3.

நான் எல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறேன், அப்பவும் அப்படியேதான் இருக்கு. அடுத்து என்ன?

அடுத்து தைராய்டு இல்லாத மத்த காரணங்கள பாக்கணும். டாக்டர் என்ன எழுதுவாருன்னா ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (ஒடம்புல இருக்கற இரும்பு சேமிப்பு), பி12, வைட்டமின் டி, சுகர், இதெல்லாம். நம்மள்ல சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கு பி12 கொறையறது ரொம்ப சகஜம், அதுவும் அப்படியே தைராய்டு மாதிரியே ஆள அசத்தும், கை கால் மரத்துப் போகும், மறதி வரும். ஃபெரிட்டின் கம்மியா இருந்தா முடி கொட்டும், நாம தைராய்ட திட்டிட்டு இருப்போம்.

ஹஷிமோட்டோ இருக்கறவங்களுக்கு கூடவே அது மாதிரி வேற ஆட்டோஇம்யூன் வியாதிங்களும் சேந்து வரலாம். கோதுமை ஒத்துக்காத சீலியாக், பி12 உறிஞ்சாத வகை ரத்தசோகை, அட்ரினல் சுரப்பி கோளாறு. அட்ரினல் கோளாற கண்டுபிடிக்காம தைராய்டு டோஸ ஏத்தினா ஆபத்து கூட ஆகலாம், அதனால திடீர்னு எடை எறங்குது, பிரஷர் கம்மியாவே இருக்கு, எந்திரிச்சா கண்ண கட்டுதுன்னா அத கட்டாயம் சொல்லுங்க.

அப்புறம் தூக்கம். குறட்டை விட்டு மூச்சு அடைக்கற ஸ்லீப் அப்னியா பெண்களுக்கும் வரும், அத யாரும் கேக்கறதே இல்ல. மாதவிடாய் நிக்கற வயசு. மனச்சோர்வு. விரார்லேர்ந்து சர்ச்கேட் வரைக்கும் தெனமும் நின்னுட்டே போய் வர்ற பொண்ணுக்கு டயர்டுன்னா அதுக்கு டி3 என்ன பண்ணும் சொல்லுங்க.

ரிப்போர்ட்ல ஃப்ரீ டி3 கம்மின்னு கொட்டை எழுத்துல வந்திருக்கு. இது போதாதா?

ஃப்ரீன்னா ரத்தத்துல எதோடயும் ஒட்டாம தனியா சுத்தற டி3. அத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. காய்ச்சல், ஆபரேஷன், வேற பெரிய வியாதி, பட்டினி டயட், இதுல எல்லாமே தைராய்டு நல்லா இருந்தாலும் டி3 எறங்கும், ஒடம்பு தன்னைத்தானே சிக்கனம் பண்ணிக்குது. கீட்டோ டயட்ல இருந்துட்டு டி3 கம்மின்னு அழுத ஒரு ஆள எனக்குத் தெரியும். ரிவர்ஸ் டி3-ன்னு ஒண்ணு, வேலை செய்யாத டி3, அத சில டெஸ்ட் பேக்கேஜ்ல சேத்து விக்கறாங்க, காசு வேஸ்ட், அத வச்சு எந்த நல்ல டாக்டரும் மாத்திரை எழுத மாட்டாங்க.

முடி நல்லா வளரணும்னு பயோட்டின் சாப்பிடறீங்களா? அது டெஸ்ட்டையே ஏமாத்திடும், டி3 டி4 ஜாஸ்தி மாதிரியும் டிஎஸ்ஹெச் கம்மி மாதிரியும் காட்டும். ரத்தம் குடுக்க ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க.

அப்ப யாருக்குத்தான் டி3 சேக்கலாம்?

எனக்குப் புரிஞ்ச வரைக்கும், இந்த எல்லா கேட்டையும் தாண்டினவங்களுக்கு. மொதல்ல தைராய்டு கம்மிங்கறது சந்தேகமே இல்லாம நிரூபணம் ஆகியிருக்கணும், டிஎஸ்ஹெச் ஒரு தடவ 5 வந்துச்சு மாத்திரை ஆரம்பிச்சோம்ங்கற கேஸ் இல்ல. அவங்கள்ல நெறைய பேருக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது, டயர்டுக்கு காரணமும் வேற. ரெண்டாவது, டி4 மட்டும் ஒழுங்கா சாப்பிட்டு டிஎஸ்ஹெச் நார்மல்ல மாசக்கணக்குல நிலையா நின்னிருக்கணும். மூணாவது மேல சொன்ன மத்த காரணம் எல்லாம் தேடிப் பாத்தாச்சு. நாலாவது, இருதயத் துடிப்பு கோளாறோ கர்ப்பமோ இல்ல. இவ்வளவும் இருந்தும் ஆள் நல்லா இல்லன்னா, ஒரு ட்ரயல் போட்டுப் பாக்கலாம், ஸ்பெஷலிஸ்ட் கண்பார்வையில. 2012-ல ஐரோப்பிய தைராய்டு சங்கம் போட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதத்தான் சொல்லுது. 2014-ல அமெரிக்க சங்கம், எல்லாருக்கும் வழக்கமா எழுதறதுக்கு ஆதாரம் பத்தாதுன்னுச்சு. ரெண்டும் அடிச்சுக்கறதா எனக்குத் தோணல. எல்லாருக்கும் வேணாம், சிலருக்கு யோசிச்சு, அவ்ளோதான்.

சுரப்பிய முழுசா எடுத்தவங்களுக்கும், ரேடியோ அயோடின் குடுத்து சுரப்பிய சுட்டவங்களுக்கும், அந்த 20 சதவீத சொந்த டி3 சுத்தமா இல்ல. அதனால இவங்கள்ல சிலருக்கு டிஎஸ்ஹெச் சரியா இருந்தும் டி3 கொஞ்சம் கீழயே நிக்கும். மதினிக்கு டாக்டர் சரின்னு சொன்னதுக்கு இது ஒரு காரணம். ஆனா சுரப்பி இல்லாத எல்லாருக்கும் டி3 வேணும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, முக்கால்வாசிப் பேரு டி4-லயே ஜம்முனு இருக்காங்க.

ஆராய்ச்சி என்ன சொல்லுது? ஒருத்தர் நல்லதுங்கறாங்க, ஒருத்தர் சும்மாங்கறாங்க.

1999-ல 33 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, டி4-ல 50 மைக்ரோகிராம கழிச்சுட்டு 12.5 டி3 குடுத்தாங்க, மனசும் மூளையும் நல்லா இருக்குன்னு அவங்க சொன்னாங்க. உலகமே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் வரிசையா பண்ணிப் பாத்தாங்க, 2006-ல 11 ஆராய்ச்சிகள, மொத்தம் 1,216 பேர, ஒண்ணா சேத்து கணக்குப் போட்டப்போ டி4 மட்டும் சாப்பிட்டவங்களுக்கும் ரெண்டும் சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசம் தெரியல.

அதோட கதை முடிஞ்சுதான்னா இல்ல. அந்த ஆராய்ச்சிங்கள்ல டி4-லயே நல்லா இருந்த ஆளுங்களும் நெறைய கலந்திருந்தாங்க, நல்லா இருக்கறவங்களுக்கு என்னத்த இன்னும் நல்லாக்கறது? 2009-ல ஒரு மரபணு விஷயம் வந்துச்சு. டி4-அ டி3-ஆ மாத்தற என்சைமோட ஜீன்ல ஒரு சின்ன மாத்தம் இருக்கறவங்க, அந்த ஆராய்ச்சில 16 சதவீதம் பேரு, டி4-ல கொஞ்சம் மோசமாவும் காம்பினேஷன்ல கொஞ்சம் நல்லாவும் உணர்ந்தாங்களாம். ஆனா அடுத்தடுத்த ஆராய்ச்சில இது ஒரே மாதிரி வரல, அதனால அந்த ஜீன் டெஸ்ட்டுக்கு காச செலவு பண்ணாதீங்க. 2021-ல 75 பேரோட ஒண்ணு, மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, ஆனா ஆரம்பத்துல ரொம்ப கஷ்டப்பட்டுட்டு இருந்தவங்கள மட்டும் தனியா பாத்தா அவங்களுக்கு டி3 இருந்த மருந்து பிடிச்சிருந்துச்சு. என் அபிப்பிராயம் கேட்டா, இந்தக் கடைசி விஷயம்தான் நம்ம அனுபவத்தோட ஒத்துப் போகுது.

எவ்வளவு டோஸ்? நானே பாதி பாதியா போட்டுப் பாக்கலாமா?

கூடாது. டாக்டர் இல்லாம தொடவே தொடாதீங்க. கணக்கு எப்படின்னு மட்டும் சொல்றேன், எழுதித் தந்த சீட்டு சரியான வழியில இருக்கான்னு நீங்க புரிஞ்சுக்கறதுக்கு.

டி3 ஒரு மைக்ரோகிராம் டி4-ல மூணு மைக்ரோகிராமுக்கு சமம்னு கணக்கு. ஐரோப்பிய வழிகாட்டுதல்ல ஒரு முறை இருக்கு, இப்ப சாப்பிடற டி4 அளவ 20-ஆல வகுத்தா வர்றது டி3, அந்த டி3-ய மூணால பெருக்கி டி4-லேர்ந்து கழிச்சுடணும். 100 சாப்பிடறவருக்கு டி3 5, டி4 85, கடையில 88 கெடைக்கும், அதுல நிறுத்துவாங்க. முக்கியமான சமாச்சாரம் என்னன்னா டி3-ய மேல ஏத்தி வைக்கறதில்ல, டி4-ல கழிச்சுட்டு வைக்கறது. டி4-ம் டி3-ம் 13-க்கு 1-லேர்ந்து 20-க்கு 1-க்குள்ள இருக்கணும்ங்கறாங்க.

மதினி 125-ல இருந்தாங்க. டாக்டர் டி4-அ 100 ஆக்கிட்டு டி3 7.5 குடுத்தாரு, அஞ்சு மைக்ரோ மாத்திரை காலைல ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு பாதி. பிரிச்சுக் குடுக்கறது எதுக்குன்னா ஒரே அடியா போட்டா நான் சொன்னேனே குப்னு ஏறும்னு, அதுக்கு. அந்தப் பாதி மாத்திரை இருக்கே, துவரம்பருப்ப விட சின்னது, கத்தில வெட்டினா ஒரு பாதி மிக்சிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். மெடிக்கல்ல மாத்திரை வெட்டற சின்ன பிளாஸ்டிக் டப்பா கெடைக்குது, வாங்கிக்கங்க.

எங்க பில்டிங்ல ஒருத்தங்களுக்கு ஒரு டாக்டர், பேரு வேணாம், எடுத்த எடுப்புலயே பழைய டி4 டோஸ கொறைக்காம மேல 20 மைக்ரோ டி3 எழுதிட்டாரு. மூணாவது வாரம் தாதர் பிரிட்ஜ் ஏறறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சு அப்படியே படியில ஒக்காந்துட்டாங்க. அப்புறம் ஈசிஜி, அது இதுன்னு ஒரு மாசம் அலைச்சல்.

யாரு கிட்டயே போகக் கூடாது?

கர்ப்பமா இருக்கறவங்க, கொழந்தைக்கு முயற்சி பண்றவங்க. மொதல் மாசங்கள்ல கொழந்தையோட மூளை வளர்ச்சிக்கு அம்மாவோட டி4-தான் போகுது, டி3-ய சேத்துட்டு டி4-அ கொறைச்சா கொழந்தைக்குப் பத்தாம போகும். காம்பினேஷன்ல இருக்கறப்ப நாள் தள்ளிப் போச்சுன்னா காத்திருக்காம அன்னிக்கே டாக்டருக்கு ஃபோன் போடுங்க.

ஏற்கெனவே இருதயத் துடிப்பு கோளாறு, ஆஞ்ஜைனாங்கற இருதய நெஞ்சுவலி இருக்கறவங்க வேணாம். வயசானவங்களுக்கும், மாதவிடாய் நின்னு எலும்பு தேஞ்சவங்களுக்கும் ரொம்ப ரொம்ப யோசிக்கணும், ஏன்னா தைராய்டு ஹார்மோன் ஜாஸ்தியாகி டிஎஸ்ஹெச் தரைக்குப் போச்சுன்னா துடிப்பு தாறுமாறாகறதும் எலும்பு சன்னமாகறதும் நிச்சயமா தெரிஞ்ச ஆபத்து. தைராய்டு கேன்சர் ஆபரேஷன் ஆனவங்களுக்கு டிஎஸ்ஹெச் எவ்வளவு இருக்கணும்ங்கற கணக்கே வேற, அவங்க தங்களோட கேன்சர் டாக்டர கேக்காம எதையும் மாத்தக் கூடாது.

டி3 போட்டா ஒடம்பு எளைக்குமாமே?

இல்ல. எளைக்கற அளவுக்குப் போட்டா தசையும் எலும்பும் சேந்து எளைக்கும், கூடவே இருதயமும் அடி வாங்கும். இதுக்கு மேல இந்தக் கேள்விக்கு பதில் கெடையாது.

பன்றி தைராய்டு மாத்திரை இயற்கையானதுன்னு வெளிநாட்டுல இருக்கற நாத்தனார் சொல்றாங்க, வாங்கிட்டு வரட்டுமா?

பன்றிக்கு அது இயற்கை. அதுல டி4-ம் டி3-ம் 4-க்கு 1, நமக்கு 14-க்கு 1, அதனால டி3 எக்கச்சக்கமா போகும். இங்க எந்த டாக்டரும் அத வச்சு உங்கள சரியா கவனிக்க முடியாது. நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

ஆரம்பிச்சா ரத்தம் எப்ப குடுக்கணும்?

டோஸ் மாத்தினதுக்கு ஆறிலேர்ந்து எட்டு வாரம் கழிச்சு. காலைல லேப் பையன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அன்னிக்கு மாத்திரை எதையும் போடாதீங்க, போட்டுட்டு குடுத்தா டி3 உச்சத்துல இருக்கறப்ப மாட்டிக்கும், நம்பர் பாத்து எல்லாரும் பயப்படுவாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம், ஒரே லேப். காம்பினேஷன்ல ஃப்ரீ டி4 முன்னைய விட கொஞ்சம் எறங்கித்தான் இருக்கும், நீங்கதான் டி4-அ கொறைச்சிருக்கீங்களே, அதுக்கு பதறாதீங்க. டிஎஸ்ஹெச் நார்மல் எல்லைக்குள்ள நிக்குதாங்கறதுதான் முக்கியம். பிட்யூட்டரியே கெட்டுப் போனவங்களுக்கு மட்டும், பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போய் சிலருக்கு அப்படி ஆகும், டிஎஸ்ஹெச்ச நம்பவே கூடாது, அவங்களுக்கு டி4 அளவ பாத்துதான் முடிவு.

வீட்ல நீங்களே பாக்க வேண்டியது பல்ஸ். மதினி பால் கணக்கு எழுதற நோட்டுலயே ஓரத்துல தெனம் காலைல எந்திரிச்ச ஒடனே பல்ஸ எழுதி வச்சாங்க. அரை லிட்டர், 72. ஒரு லிட்டர், 74. அந்த நோட்ட பாத்துட்டு டாக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டாரு.

உங்க மதினிக்கு பலன் இருந்துச்சா, உண்மைய சொல்லுங்க.

மதினி தாராவியில ஒரு தையல் யூனிட்ல கணக்குப் பாக்கறாங்க. சட்டை காலர் எல்லாம் டஜன் டஜனா கட்டி வரும், எண்ணி எழுதணும். ஆபரேஷனுக்கு அப்புறம் டிஎஸ்ஹெச் 1.5, 2-ன்னு அழகா இருந்தும் ஒரு கட்ட மூணு தடவ எண்ணுவாங்க, மூணு தடவையும் மூணு நம்பர் வரும். பி12 பாத்தாச்சு, ஃபெரிட்டின் பாத்தாச்சு, தூக்கம் பாத்தாச்சு, எல்லாம் சரி. "எனக்கு வயசாயிடுச்சு போல ஏட்டி"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அப்ப அவங்களுக்கு 43.

டி3 ஆரம்பிச்ச மொத மாசம் ஒண்ணும் தெரியல, கொஞ்சம் தூக்கம் கெட்டுச்சு, சாயங்கால பாதிய ஆறு மணிக்கு போட்டதால, நாலுக்கு மாத்தினதும் அது சரியாச்சு. பத்தாவது வாரம் போல, ஒரு நாள் போன் பண்ணி, "இன்னிக்கு ஒரே தடவ எண்ணினேன், சரியா இருந்துச்சு"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல, அதையே ரெண்டு தடவ சொன்னாங்க. எடை ஒரு கிலோ கூட கொறையல. முடியும் முன்ன மாதிரியேதான் கொட்டுது. மருந்து மாறிடுச்சுங்கற நம்பிக்கையிலயே சிலருக்கு நல்லா ஆகும்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல.

எவ்வளவு நாள் பாக்கறது? பலன் இல்லன்னா?

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எது சரியாகணும்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுடுங்க, மாடிப்படி, மறதி, மலச்சிக்கல், எதுவோ ஒண்ணு, ரெண்டு. இல்லன்னா மூணு மாசம் கழிச்சு நல்லா இருக்கா இல்லையான்னு நமக்கே தெரியாது. டிஎஸ்ஹெச் சரியா நின்னு மூணு மாசம் ஆயும் அந்தப் பேப்பர்ல ஒண்ணும் மாறலன்னா நிறுத்திட்டு பழைய டி4 டோஸுக்கே போயிடறதுதான் வழி. சில டாக்டருங்க ஆறு மாசம் வரைக்கும் பாப்பாங்க. சொல்லாம கொள்ளாம ஒரே நாள்ல நீங்களா நிறுத்தாதீங்க, டி4-அ திரும்ப ஏத்தணுமே, கொறைச்சதுதானே.

டி3 கடையில கெடைக்கலன்னா?

கெடைக்காது, அதான் தொல்லை. தைரோநார்ம் மூலைக்கு மூலை இருக்கு, டி3-க்கு எங்க ஏரியா மெடிக்கல்ல "ஆர்டர் பண்ணணும், ரெண்டு மூணு நாள் ஆகும்"ம்பாங்க. ஒரு தடவ மதினி ஊர்ல கல்யாணம்னு தாதர்ல திருநெல்வேலி வண்டி ஏறினதுக்கு அப்புறம்தான் டி3 டப்பா வீட்லயே இருக்குன்னு தெரிஞ்சுது. டி4-னா நாலு நாள் விட்டாலும் சமாளிக்கலாம், டி3 ரெண்டு நாள்லயே முக்கால்வாசி ஒடம்ப விட்டுப் போயிடும். வண்டியிலேர்ந்தே டாக்டருக்கு ஃபோன் போட்டாங்க, போய்ச் சேந்ததும் பழையபடி 125-ஏ போட்டுக்க, வந்து பாத்துக்கலாம்னுட்டாரு. நெல்லை ஜங்ஷன்ல எறங்கின ஒடனே எதிர்ல இருந்த மெடிக்கல்ல 25 மைக்ரோ ஸ்ட்ரிப் ஒண்ணு வாங்கி கையில இருந்த 100-ஓட சேத்துக்கிட்டாங்க. இப்ப ஹேண்ட்பேக்ல ஒரு ஸ்ட்ரிப் டி3 எப்பவும் கெடக்கு, லோக்கல் பாஸ் வைக்கற அறையிலயே.